இறக்கையில் படிந்த உறைபனி தானாகப் பறந்து போகாது

"கொஞ்சம்தான் படிந்திருக்கிறது. ஓடுபாதையில் வேகம் எடுத்தால் பறந்துவிடும்."

போன வாரம் ஒரு மலை விமானத் தளத்தில் ஒரு விமானி என்னிடம் இப்படிச் சொன்னார். நான்கு இருக்கை விமானம், உள்ளே மனைவியும் இரண்டு பிள்ளைகளும். முன்கண்ணாடியை மட்டும் சுரண்டிவிட்டு எஞ்சினை இயக்கியிருந்தார். இறக்கை முழுக்க வெள்ளை. அவர் கண்ணில் படும்படி தள்ளி நின்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கோபம். உரிமம் எடுத்துப் பல வருடங்கள் ஆனவர் அவர்.

சுவிஸில் சிறு விமானிகளுக்கு மலைப் பறத்தல் கற்றுக்கொடுப்பது என் தொழில். பனிச்சறுக்குப் பருவம் தொடங்கினால் இந்த ஒரே வாக்கியத்தை ஆள் மாற்றி ஆள் சொல்லக் கேட்கிறேன். இனிமேலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. உலர்ந்த பனித்தூள் விழுந்திருந்தால், ஓடும்போது அது உண்மையாகவே பறக்கும். பார்த்தவர்கள், எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் உறைபனி போகாது. அது இறக்கையின்மேல் விழுந்த பொருளே இல்லை, அங்கேயே உருவானது. மேகமில்லாத இரவில் இறக்கையின் மேல்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்றின் ஈரம் அந்தத் தகட்டைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். "நேற்று ராத்திரி பனியே பெய்யவில்லையே" என்பவர்களுக்கும் இதுதான் பதில். சென்ட் மோரிட்ஸுக்குப் பக்கத்தில் உள்ள சமேடன் தளம் கடல்மட்டத்திலிருந்து 1,707 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் அங்கே மைனஸ் 20 டிகிரி சாதாரணம். வெளியே நிறுத்திய விமானத்தில் காலையில் உறைபனி இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

அடுத்தது, "மெல்லிசாகத்தானே இருக்கிறது" என்பது. தடிமனைவிட சொரசொரப்புதான் ஆபத்து. நடுத்தர உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான படிவு, தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைக்கும், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசையை 40 சதவீதம் வரை கூட்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. இன்னொரு சிக்கல், ஸ்டால் (இறக்கை திடீரென்று தூக்குவிசையை இழப்பது) பற்றிய எச்சரிக்கை ஒலி சுத்தமான இறக்கையைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டது. உறைபனி படிந்த இறக்கை அந்த ஒலி வருவதற்கு முன்பே ஸ்டால் ஆகிவிடும். தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கின் நடுவில், அதிலிருந்து மீள இடம் கிடையாது.

பெரிய ஜெட்களுக்கும் விதிவிலக்கு இல்லை. 2002 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் சாலஞ்சர் 604 என்ற ஜெட் ஒன்று, இறக்கையில் உறைபனியோடு கிளம்பியது. தரையை விட்டதுமே இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அதே காலையில் அதே தளத்தில் மற்ற விமானங்கள் பனிநீக்கம் செய்துகொண்டிருந்தன.

"குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எஞ்சினும் இறக்கையும் நன்றாக வேலை செய்யுமே" என்றும் சொல்வார்கள். சரிதான். மைனஸ் 10 டிகிரியில் சமேடன் ஓடுபாதை, விமானத்தைப் பொறுத்தவரை சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். அந்த லாபம் சுத்தமான விமானத்துக்கு மட்டும்தான். ஐரோப்பிய விதியும் இதில் தெளிவாக இருக்கிறது: விமானத்தின் திறனையோ கட்டுப்பாட்டையோ பாதிக்கும் எந்தப் படிவும் இருக்கும்போது கிளம்பக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? ஹேங்கரில் இடம் கிடைத்தால் காசைப் பார்க்காதீர்கள். கிடைக்காவிட்டால் இறக்கைக்கும் வால்பகுதிக்கும் உறை போடுங்கள். காலையில் உறைபனியைக் கரைக்கும் கிளைகால் திரவம், இல்லையென்றால் வெயில் ஏறும்வரை காத்திருப்பு. வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது கீல்களுக்குள் ஓடி மறுபடி உறைந்து, ஐலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலை) அப்படியே பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் கையுறையைக் கழற்றி வெறுங்கையால் இறக்கையைத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பெயின்ட் மேல் உறைபனி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வால் உயரமாக இருந்தால் ஏணி கேளுங்கள், தளத்தில் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரில் உயரமானி உண்மையான உயரத்தைவிட அதிகம் காட்டும். அந்த உயரத்துக்கான நிர்ணயிக்கப்பட்ட நியம வெப்பநிலையைவிட ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும், அழுத்தம் அளந்த தளத்திலிருந்து உள்ள உயரத்தில் 4 சதவீதம் கழியுங்கள். சமவெளித் தளத்தின் அழுத்தத்தை வைத்து, அதற்கு மேல் 2,500 மீட்டர் உயரத்தில், 15 டிகிரி கூடுதல் குளிரில் கணவாயைக் கடந்தால், நீங்கள் நினைப்பதைவிட 150 மீட்டர் கீழே இருப்பீர்கள். ஆல்ப்ஸுக்குத் தெற்கே உள்ள லுகானோவுக்கும் வடக்கே உள்ள சூரிச்சுக்கும் இடையே காற்றழுத்த வேறுபாட்டைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தெற்கில் அழுத்தம் 8 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாக இருந்தால் மலையைத் தாண்டி இறங்கும் ஃபான் (Föhn) காற்று பலமாக இருக்கும். அன்று என் மாணவர்களை நான் அனுப்புவதில்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள கூர்ஷெவெல் ஓடுபாதை 537 மீட்டர்தான், 18.5 சதவீதச் சாய்வு, இறங்கத் தொடங்கிவிட்டால் மறுபடி மேலே போக வழியில்லை. தகுதிச் சான்று இல்லாமல் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

கேபின் ஹீட்டர் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸாஸ்டில் விரிசல் இருந்தால் சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த சிறு விமானத்தில் இருந்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின்) அளவு 58 சதவீதம் இருந்தது. ஒலி எழுப்பும் மின்னணுக் கருவி ஒன்று வாங்குங்கள். வாயு பட்டால் புள்ளி கறுக்கும் அட்டை போதாது, பறக்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை.

கூட வரும் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பனிச்சறுக்குப் பூட்ஸ், கட்டைகள் எல்லாம் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். செஸ்னா 172-இல் பின்பக்கச் சாமான் இடம் 54 கிலோவுக்கு மேல் தாங்காது. நான்கு பேரோடு முழு எரிபொருளும் போகாது. கனமான ஜாக்கெட்டைச் சாமானோடு கட்டாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பனிவெளியில் இறங்க நேர்ந்தால் அதுதான் உங்களைக் காக்கும்.

அப்புறம், தயவுசெய்து விமானியை அவசரப்படுத்தாதீர்கள். "திங்கட்கிழமை பள்ளிக்கூடம்", "ஹோட்டலைக் காலி செய்தாயிற்று" என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதுதான் பல நேரம் அவரை உறைபனியோடு கிளம்பத் தள்ளுகிறது. மேலே, சமேடன் இருக்கும் எங்காடின் பள்ளத்தாக்கில் நீல வானமாக இருக்கும், கீழே சமவெளி முழுக்க மூடுபனி அசையாமல் நிற்கும். போகிற இடத்தில் இறங்க முடியாது என்று அவர் சொன்னால் நம்புங்கள். சமேடனிலிருந்து கூர் நகரம் வரை மணிக்கொரு ரயில் இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரப் பயணம். அங்கிருந்து சூரிச்சுக்கு ஒன்றேகால் மணி நேரம். விமானத்தைக் கட்டி, உறை போட்டுவிட்டு ரயிலில் வீட்டுக்குப் போங்கள். வானிலை தெளிந்த பிறகு விமானி வந்து எடுத்துக்கொள்வார்.