இன்ஃபரன்ஸ்: அனுமானமா, உய்த்துணர்தலா?

"இன்ஃபரன்ஸ் செலவு குறைந்துவிட்டது" என்பதை "அனுமானச் செலவு குறைந்துவிட்டது" என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? உத்தேசமாகப் போட்ட தொகையைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான். சொல்ல வந்ததோ, பயிற்சி முடிந்த மொழி மாடலை (ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்த சொல்லைச் சொல்லும் கணினி நிரலை) ஓட்டிப் பதில் வாங்க ஆகும் செலவு.

குழப்பத்துக்குக் காரணம், செயற்கை நுண்ணறிவுத் துறையில் இன்ஃபரன்ஸ் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று, இப்போது சொன்ன மாடல் ஓட்டம். இன்னொன்று பழைய பொருள்: எழுதியிருப்பதிலிருந்து எழுதாததைத் தெரிந்துகொள்வது. மனித மொழியைக் கணினிக்குப் புரியவைக்க முயலும் இயற்கைமொழி ஆய்வில் இதற்கென்றே தனிப் பணி உண்டு. ஒரு வாக்கியம் கொடுப்பார்கள்: "மழை நின்றதும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள்." அதோடு இன்னொரு வாக்கியம். "முன்னதாக மழை பெய்தது" என்றால், முதல் வாக்கியத்திலிருந்து அது பெறப்படும். "பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை" என்றால் முரண். "பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள்" என்றால்? ஆடியிருக்கலாம், ஆனால் வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. எனவே இரண்டிலும் சேராது.

அன்றாடத் தமிழில் அனுமானம் என்று நாம் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். "அவர் வரமாட்டார் என்பது என் அனுமானம்" என்றால் ஊகம் என்று அர்த்தம். மாடல் எதைச் செய்யக்கூடாதோ அதன் பெயரையே பணிக்கு வைப்பது பொருத்தமாக இல்லை.

சொல்லைக் குறை சொல்ல முடியாது. வடமொழியில் 'அனு' என்றால் பின், 'மானம்' அளத்தல், பின்தொடர்ந்து அளப்பது. தர்க்க நூல்களில் அது உறுதியான அறிவுக்கான வழி. 'மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல' என்ற எடுத்துக்காட்டு மணிமேகலையிலேயே வருகிறது. பேச்சு வழக்கில்தான் அது ஊகமாகத் தேய்ந்துவிட்டது.

உய்த்துணர்தல் அப்படித் தேயவில்லை. தொல்காப்பியம் சொல்லும் 32 உத்திகளில் ஒன்று 'உய்த்துக்கொண்டுணர்தல்'. நன்னூலில் அது 'உய்த்துணர வைப்பு': நூலாசிரியர் வெளிப்படையாகச் சொல்லாமல், படிப்பவரே உணர்ந்துகொள்ளும்படி விடுவது. உதாரணமாக, ஒரு பத்தியில் ஒருவர் பிறந்த ஊர் இருக்கும், வேறொரு பத்தியில் அந்த ஊரை ஒட்டி ஓடும் ஆறு இருக்கும், இரண்டையும் சேர்த்தால்தான் "அவர் எந்த ஆற்றங்கரையில் பிறந்தார்?" என்பதற்குப் பதில் கிடைக்கும். கணினியைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவைக்கும் ஆய்வில் இப்போது பெரிதாகப் பேசப்படும் சங்கதி இது.

உய்த்தல் என்றால் செலுத்துதல், கொண்டுசேர்த்தல். "நன்றின்பால் உய்ப்ப தறிவு" என்ற குறளில் இருப்பதும் அதே வினைதான். இன்ஃபரன்ஸின் லத்தீன் வேரும் 'உள்ளே கொண்டுவா' என்றுதான் சொல்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததல்ல. ஆனாலும் பொருத்தம் அழகாக இருக்கிறது.

ஊகத்துக்கும் உய்த்துணர்தலுக்கும் உள்ள தூரத்தை ஆய்வே காட்டியிருக்கிறது. 2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சுமார் 5,70,000 வாக்கிய ஜோடிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். 2018இல் வேறொரு குழு, முதல் வாக்கியத்தை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் கணினிக்குக் காட்டி, மூன்றில் எந்த வகை என்று கேட்டது. குருட்டாம்போக்கில் சொன்னால் மூன்றில் ஒன்றுதான் சரியாக வரவேண்டும். வந்ததோ சுமார் 67 சதவீதம்! தொகுப்புக்காக ஆட்களிடம் முரண் வாக்கியம் எழுதச் சொன்னபோது பலரும் 'இல்லை', 'யாரும்' என்று எதிர்மறைச் சொற்களைப் போட்டிருந்தார்கள். கணினி அதைப் பிடித்துக்கொண்டது. அது செய்ததற்கு அனுமானம் என்ற பெயர் கச்சிதம்.

சரி, மாடல் ஓட்டத்துக்கு என்ன சொல்வது? அங்கே உய்த்துணர்தலும் வேண்டாம். கொடுத்த உள்ளீட்டுக்கு எண்களைப் பெருக்கிக் கூட்டி அடுத்த சொல்லை எடுப்பதுதான் அங்கே நடக்கிறது. 'மாடல் இயக்கம்', 'இயக்கச் செலவு' போதும். பயிற்சிக் கட்டம், இயக்கக் கட்டம் என்று ஜோடியாகவும் எழுதலாம்.