ஒட்டகம் விரும்பித் திமில் வளர்க்கவில்லை

ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது என்று எந்த வகுப்பில் கேட்டாலும் முதலில் வரும் பதில் “தண்ணீர்”தான். இருப்பது கொழுப்பு என்று திருத்த ஒரு நிமிடம் போதும். “சரி, திமில் எப்படி வந்தது?” என்று அடுத்ததாகக் கேட்டுப் பாருங்கள். “பாலைவனத்தில் சாப்பாடு கிடைக்காது, அதனால் ஒட்டகம் வளர்த்துக்கொண்டது” என்பார்கள். அறிவியல் ஆசிரியராகப் பல ஆண்டுகளாக நான் மல்லுக்கட்டுவது இந்தப் பதிலோடுதான். “விலங்குகள் சூழலுக்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன” என்று பெரியவர்களான நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

எந்த உயிரினமும் தேவை கருதித் தன் உடலமைப்பைத் திருத்தி எழுதிக்கொள்வதில்லை. ஒரே இனத்துக்குள் பிறக்கும்போதே சிறுசிறு வேறுபாடுகள் இருக்கின்றன. சூழலுக்குப் பொருந்தியவை கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாக இனம் பெருக்குகின்றன. பல தலைமுறைகளில் அந்தப் பண்பு பரவிவிடுகிறது. தகவமைப்பு உருவாகும் வழி இதுதான்.

இதற்கு நான் எப்போதும் சொல்வது இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியின் கதை. அவற்றில் பெரும்பாலானவை வெளிர்நிறம். 1848இல் மான்செஸ்டரில் ஒரு கறுப்புப் பூச்சி பதிவானது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்துப்போக, வெளிர்நிறப் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் எளிதாகப் பட்டன. 1895 வாக்கில் அந்தப் பகுதியில் சுமார் 98 சதவீதம் கறுப்புப் பூச்சிகள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து, புகை குறையக் குறைய வெளிர்நிறம் மீண்டும் பெருகியது. “புகை ஒட்டித்தானே கறுத்தது?” என்று வகுப்பில் ஒரு குரல் கட்டாயம் எழும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கதையையே சொல்கிறேன். கறுப்பு, பிறப்பிலேயே வந்த நிறம்.

கதையோடு விட்டால் மறந்துவிடுவார்கள். கையால் செய்யவைக்க வேண்டும். தரையில் செய்தித்தாளை விரியுங்கள். செய்தித்தாளிலிருந்தே வெட்டிய 30 துண்டுகளையும் வெள்ளைத்தாளில் வெட்டிய 30 துண்டுகளையும் அதன்மேல் தூவுங்கள். பிள்ளைகள்தான் பறவைகள். ஒருமுறை குனிந்தால் ஒரு துண்டுதான், எடுத்ததும் நிமிர்ந்து திரும்பி நிற்க வேண்டும். பாதித் துண்டுகள் போனதும் நிறுத்தி, மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே வகையில் ஒரு “குட்டி” சேருங்கள். மூன்று சுற்றுகளில் வெள்ளை அருகிப்போகும். நான்காவது சுற்றுக்கு விரிப்பை வெள்ளைத்தாளாக மாற்றினால் ஆட்டமே தலைகீழ். இடையில் எந்தத் துண்டாவது நிறம் மாறியதா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கத்தை அவர்களே சொல்லட்டும்.

சூட்டிகையான பிள்ளை பச்சோந்தியை இழுத்து வரும்: “அது நொடியில் மாறுகிறதே?” நல்ல கேள்வி. நிறம் மாற்றும் திறன் பரம்பரையாக வந்தது. அந்தத் திறனைப் பச்சோந்தி தன் வாழ்நாளில் பயன்படுத்துகிறது. மறைந்துகொள்வதைவிட, சக பச்சோந்திகளுக்குச் சைகை காட்டவும் உடல்வெப்பத்தைச் சீராக்கவுமே அது பெரிதும் நிறம் மாற்றுகிறது.

தாவரங்களை நாம் ஓரங்கட்டிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை. அவற்றால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. பார்க்கப்போனால் அங்கேதான் சங்கதி அதிகம். இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து நுண்ணோக்கியில் வையுங்கள். உதடு பிரிந்ததுபோல் இலைத்துளைகள் தெரியும்; காற்றும் நீராவியும் போய்வரும் வாசல்கள் அவை. நிலத்தில் வளரும் பெரும்பாலான செடிகளில் அவை அடிப்புறத்தில்தான் அதிகம். நீரில் மிதக்கும் அல்லி இலையில் எங்கே இருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு பார்க்கட்டும்: மேற்புறத்தில். சப்பாத்திக்கள்ளி வெயிலில் துளைகளை மூடி, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது.

தேர்வில் ஒரு மதிப்பெண் போனால் போகட்டும் என்று இதை விட்டுவிட முடியாது. ஆன்டிபயாடிக் வேலை செய்யாமல் போகும்போது, “உடம்புக்கு மருந்து பழகிவிட்டது” என்று பெரியவர்கள் சொல்வதும் இதே தவறுதான். மருந்தைத் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகியிருக்கின்றன. புவி சூடானால் விலங்குகள் எப்படியும் பழகிக்கொள்ளும் என்ற அலட்சியமும் இதில் முளைத்ததே. மிஞ்சுவதற்குப் பொருத்தமான வேறுபாடு கூட்டத்தில் இல்லாவிட்டால், அல்லது போதிய தலைமுறைகளுக்கு அவகாசம் இல்லாவிட்டால், அந்த இனம் அழியும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். “ஒட்டகத்தின் தகவமைப்புகள் மூன்றினை எழுதுக” என்பதோடு இதையும் சேருங்கள்: “ஒரு தீவில் அடர்ந்த ரோமமும் மெல்லிய ரோமமும் உள்ள முயல்கள் வாழ்கின்றன. குளிர் கூடிக்கொண்டே போகிறது. பல தலைமுறைகளுக்குப் பின் எவை அதிகம் இருக்கும், ஏன்?” அந்த “ஏன்”னுக்கு மட்டும் மூன்று மதிப்பெண் கொடுங்கள்.