ஆழமா போனா நல்ல தண்ணி வருமா?

ஈசிஆர் பக்கம் இருக்கற ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவங்க வீட்டுல தாத்தா காலத்து உறை கிணறு, 15 அடிதான், தண்ணி இன்னிக்கும் குடிக்கலாம். பக்கத்து அபார்ட்மென்ட்ல 100 அடிக்கு போர் போட்டாங்க, வாயில வைக்க முடியல, ஒரே உப்பு. "இன்னும் கீழ போனா நல்ல தண்ணி வந்துடும்ங்கறாங்க, நிஜமா சார்?"

இல்லைங்க, கடலோர மணல்ல கணக்கே தலைகீழ்.

மழைத்தண்ணி மணல்ல இறங்குது, கடல் தண்ணியும் பக்கவாட்டுல அதே மணலுக்குள்ள நுழையுது, உப்புத்தண்ணி கனம்ங்கறதால கீழ போகும், நல்ல தண்ணி மேல மிதக்கும், இதெல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதான். அது எவ்வளவு ஆழம் வரைக்கும் மிதக்கும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

ஒரு லிட்டர் நல்ல தண்ணி 1000 கிராம், கடல் தண்ணி சுமாரா 1025 கிராம். இப்ப 40 அடி உயரத்துக்கு கடல் தண்ணிய ஒரு குழாய்ல நிறுத்துங்க, இன்னொரு குழாய்ல 41 அடிக்கு நல்ல தண்ணி. 40ஐ 1025ஆல பெருக்குனா 41000, 41ஐ 1000ஆல பெருக்குனாலும் 41000. ரெண்டும் ஒரே எடை! அதாவது உங்க கிணத்து நீர்மட்டம் கடல் மட்டத்தவிட 1 அடி மேல நின்னா, அந்த ஒத்த அடி கீழ 40 அடி ஆழத்துக்கு உப்ப அழுத்திப் பிடிச்சிருக்கு. 1880கள் கடைசில நெதர்லாந்துல பாடன் கைபென்னும், 1901ல ஜெர்மனில ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியா இதே கணக்குக்கு வந்தாங்க. எனக்கு இத மொத தடவ படிச்சப்ப ராத்திரி தூக்கமே வரல.

இப்ப உங்க தெருவுக்கு வாங்க. நீர்மட்டம் கடலுக்கு மேல 2 அடி நிக்குதுன்னு வைங்க, கீழ 80 அடி வரைக்கும் நல்ல தண்ணி. உங்க கிணறு மேலாப்புல மொண்டுக்குது, அவங்க போர் நேரா உப்புக்குள்ளயே போய் நிக்குது. களிமண், பாறைன்னு குறுக்க வந்தா கணக்கு கொஞ்சம் மாறும்தான், ஆனா விஷயம் இதான்.

இதுல பயமே, அந்த 40 ரெண்டு பக்கமும் வேலை செய்யும். எல்லாரும் மோட்டார் போட்டு உறிஞ்சி நீர்மட்டம் 1 அடி இறங்குனா, கீழேர்ந்து உப்பு 40 அடி ஏறப் பாக்கும், உடனே இல்ல, மெதுவா, மோட்டாருக்கு நேர் கீழ கூம்பு மாதிரி எழும்பி வரும். கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம் உப்பு, நூத்துல அஞ்சு பங்கு கலந்தாலே குடிக்க லாயக்கில்ல.

சென்னைக்கு வடக்க மீஞ்சூர் பக்கம் வருஷக்கணக்கா இறைச்சு இறைச்சு கடல் தண்ணி நிலத்தடில உள்ள வந்துடுச்சு, அப்புறம் அதே பக்கம் காட்டுப்பள்ளில 2010ல கடல் தண்ணிய குடிதண்ணியாக்கற ஆலை, தினம் 10 கோடி லிட்டர் அளவுல. ஆலை வேணாம்ங்கல, ஆனா அந்தக் காசுல ஒரு துளி, 2003ல கட்டாயமாக்குன மழைநீர் சேகரிப்பு குழியெல்லாம் இன்னும் வேலை செய்யுதான்னு பாக்கவும் செலவழிக்கலாம், நீர்மட்டம் ஒரு அடி ஏறுனா கீழ 40 அடி திரும்பக் கிடைக்கற சமாச்சாரமாச்சே.

யாழ்ப்பாணத்துல நிலாவரைக் கிணறுலயும் மேல நல்ல தண்ணி, ஆழத்துல உப்பு. ராமர் அம்பு விட்டு உண்டாக்குனதுன்னு ஐதீகம், அழகான கதை, இருந்துட்டுப் போகட்டும். ஆனா உள்ளங்கைல தேங்காய வச்சு நீரோட்டம் பாக்க வர்றவர்கிட்ட மட்டும் காச குடுக்காதீங்க, தேங்காய்க்கு உப்பு தெரியாது.

அதுக்குப் பதிலா தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்குங்க, சில நூறு ரூபாதான். காலைல மோட்டார் போட்ட உடனே ஒரு டம்ளர் பிடிச்சு அளந்து எழுதி வைங்க, ஒரு மணி நேரம் ஓடுன அப்புறம் இன்னொரு டம்ளர். ரெண்டாவதுல நம்பர் எகிறுச்சுன்னா கூம்பு மேல வந்துட்டிருக்கு, மோட்டார நிறுத்திட்டு, நாளைலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு இறைங்க.