மோட்டிவேஷன் – ஊக்கம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மைதானங்களில் பனி விலகும் முன்பே விசிலோடு நிற்கும் பயிற்சியாளர்கள் அடிக்கடி சொல்வது: "பசங்களுக்கு மோட்டிவேஷன் குடுக்கணும்." அந்தக் 'குடுக்கணும்' என்ற சொல்லில்தான் கோளாறு தொடங்குகிறது.

லத்தீனில் 'மோவெரே' என்றால் நகர்த்து. மோட்டார், மோஷன், மோட்டிவேஷன் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. ஒருவரை ஒரு செயலில் இறக்கி, அதிலேயே நிலைக்கவும் வைப்பது எதுவோ அதுவே மோட்டிவேஷன். ஓடப் பிடித்திருப்பதால் ஓடுவது ஒரு வகை. கோப்பைக்காகவோ திட்டுக்குப் பயந்தோ ஓடுவது இன்னொரு வகை.

தமிழில் இதற்கு 'உந்துதல்', 'ஊக்கம்' இரண்டும் புழங்குகின்றன. உந்துதல் என்பது தள்ளுவது. அது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். ஊக்கமோ மனத்தின் எழுச்சி. குறளில் 60ஆம் அதிகாரமே 'ஊக்கமுடைமை'தான். இதன் வினைச்சொல் 'ஊக்கு' இன்னும் அழகானது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் ஊசலில் இருக்கும் பெண் "ஐய, சிறிது என்னை ஊக்கி" என்று கேட்கிறாள். அங்கே ஊக்குதல் என்றால் ஊஞ்சலை ஆட்டிவிடுதல். பின்னால் வந்த ஊஞ்சல் திரும்பும் நொடியில் லேசாகத் தொட்டாலே போதும், உயரப் போகும். எதிரே வரும்போது தள்ளினால் வேகம் செத்துவிடும். ஆடும் பிள்ளை விழுந்தும் போகலாம். 'சிறிது' என்று அவள் அளவு சொல்லிக் கேட்பதையும் கவனிக்க வேண்டும்.

பயிற்சியாளர்களுக்கான உளவியல் பயிற்சி கற்றுத்தருவது அந்த நொடியையும் அந்த அளவையும்தான். அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் சிறுவர் பேஸ்பால் அணிகளில் இதைச் சோதித்தார்கள். 1992இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 5 விழுக்காட்டினரே அடுத்த ஆண்டு வரவில்லை. மற்ற அணிகளில் அது 26 விழுக்காடு. இரு தரப்பின் வெற்றி தோல்வியில் வேறுபாடு இல்லை. பிள்ளைகள் விலகியதற்குக் காரணம் தோல்வி அல்ல என்பது இதில் தெளிவு.

செய்முறை எளியது. பயிற்சி நேரத்தில் இன்னொருவர் ஓரமாக நோட்டுடன் உட்கார்ந்து பாராட்டு, திருத்தம், திட்டு மூன்றையும் கோடு போட்டு எண்ண வேண்டும். நோட்டைப் பார்க்கும் முன் பயிற்சியாளர் தன் கணக்கை ஊகித்துச் சொல்ல வேண்டும். தான் செய்வதாக நினைப்பதும் பிள்ளைகள் கண்டதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அடுத்தது திருத்தும் முறை. "ஏன்டா கையை இப்படி ஆட்டுற?" என்பதில் தகவலே கிடையாது. "தோளை இறுக்காம ஓடின, நல்லது. அடுத்த சுத்துல கை நெஞ்சைத் தாண்டிக் குறுக்க போகாம நேரா ஆட்டு. மூச்சு சீரா இருக்கு, விடாத" என்றால் பையனுக்கு அடுத்த 400 மீட்டரில் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. எதற்கெடுத்தாலும் "சூப்பர்டா" என்பதும் பயன் தராது. அது வெறும் சத்தம் என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுகொள்வார்கள்.

மலையில் இன்னொரு தவறும் நடக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு; மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பையன் முதல் வாரத்தில் 1,500 மீட்டரைத் தன் வழக்கமான நேரத்தில் முடிக்க முடியாது. அவனைச் 'சோம்பேறி' என்றால், உடம்பு செய்யும் வேலையை மனத்தின் குற்றமாக்கிவிடுகிறோம். அவனும் அதை நம்பிவிடுவான், வேதனை அங்கேதான். கீழே ஓடிய நேரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஊட்டியில் அவன் நேற்று ஓடியதோடு மட்டும் இன்றைய ஓட்டத்தை ஒப்பிட வேண்டும்.

ஆகவே பொதுச்சொல்லாக 'ஊக்கம்' பொருந்தும். உள்ளிருந்து எழுவதை 'அகவூக்கம்' என்றும், பரிசு, பயம் போன்றவற்றைப் 'புறத்தூண்டல்' என்றும் பிரித்துச் சொல்லலாம். 'ஊக்கமருந்து' என்று செய்தித்தாள்கள் எழுதுவது வேறு பொருள்; அதனால் இந்த நல்ல சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. வினையாகச் சொல்லும்போது 'மோட்டிவேஷன் குடு' என்பதற்குப் பதில் 'ஊக்கு' அல்லது 'ஊக்குவி'.