கண்ணாடி அறைக்குள் ட்ரே ஏந்திப் போகும் தம்பிகளுக்கு

புகைக்கும் அறையில் வேலை பார்த்து, இருமலோடு என் கிளினிக்குக்கு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். கிருஷ்ணகிரிக்காரர், 27 வயது, எம்.ஜி. ரோடு பக்கம் சிகார் பிடிக்க இடம் தரும் ஒரு பாரில் நான்கு வருடமாக சர்வீஸ். “மேடம், நான் பீடிகூடத் தொட்டதில்ல” என்று சொல்லிவிட்டு இருமத் தொடங்கினார். நுரையீரலின் திறனைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி குழாயில் “ஊதுங்க, இன்னும் ஊதுங்க” என்று டெக்னீஷியன் கத்தக் கத்த, பாதியிலேயே வாயை எடுத்துவிட்டார். துவைத்துப் போட்ட சட்டைதான் என்றார், ஆனாலும் சிகார் வாடை என் மேஜை வரை வந்தது.

அவருடைய மேனேஜர் சொன்னாராம்: “நம்ம இடத்துக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கு, எக்ஸாஸ்ட் ஓடுது, பயப்படாத.”

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விலக்கு என்றால் என்ன? 2003 புகையிலைச் சட்டப்படி 30 அறையோ அதற்கு மேலோ கொண்ட ஹோட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம், இவற்றில் புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நியூயார்க் நகரத்தில் இருப்பதுபோல சிகார் பாருக்கென்று தனிச் சலுகை அந்தச் சட்டத்தில் இல்லை. அந்த இடத்துக்கும் நாலு பக்கமும் முழு உயரச் சுவர், தானாக மூடும் கதவு, புகையை நேராக வெளியே தள்ளும் வசதி வேண்டும் என்று 2008 விதிகள் சொல்கின்றன. 2017-ல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: புகைக்கும் அறைக்குள் சர்வீஸே கூடாது. அப்புறம் இந்தத் தம்பி ஏன் ராத்திரி முழுக்க உள்ளே ஆஷ்ட்ரே மாற்றிக்கொண்டிருக்கிறார்?

புகைக்கலாம் என்ற அனுமதி, அந்தக் காற்றைச் சுவாசிக்கலாம் என்ற சான்றிதழ் ஆகாது. எக்ஸாஸ்ட் மேலே கூரையில் இருக்கிறது, புகை கிளம்புவது மேஜை மட்டத்தில். குனிந்து கிளாஸ் வைப்பவரின் மூக்கைத் தாண்டித்தான் அது மேலே போக வேண்டும். வாடை குறைந்தால் புகை போய்விட்டது என்று நினைக்கிறோம், நுண்துகள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயேதான் சுற்றும். எந்தக் காற்றோட்டமும் இந்த ஆபத்தை முழுக்க நீக்காது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. “சிகாரை யாரும் உள்ளே இழுக்க மாட்டாங்க மேடம்” என்பார்கள். சரி, வாடிக்கையாளர் இழுக்கவில்லை, பக்கத்தில் நிற்பவர் மூச்சை நிறுத்த முடியுமா? பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் புகையும். அப்படி ஒரே நேரத்தில் நாலு மேஜை.

தம்பிகளே, அறைக்குள் போகச் சொன்னால் 2017 விதியைச் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல பயமாக இருந்தால் நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டே காலம் தள்ளாதீர்கள், சளிப் பரிசோதனையும் நுரையீரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம், தயவுசெய்து. வாடிக்கையாளர்களே, சிகாரைப் பற்றவைத்தபின் ஆளைக் கூப்பிடாதீர்கள். கிளாஸை நீங்களே வெளியே போய் எடுத்து வாருங்கள்.

அந்தத் தம்பி இன்ஹேலரோடு போயிருக்கிறார். வியாழக்கிழமை திரும்ப வரும்போது மேனேஜரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.