மெக்கானிக்ஸ்: இயந்திரவியல் அல்ல, ஆடுமுறை

என் அக்கா மகனுக்குப் பதினொரு வயது. ஜப்பானில் காசு போட்டு ஆடும் போக்கிமான் (கற்பனை உயிர்களைப் பிடித்துச் சேர்க்கும் ஆட்டம்) பெட்டிகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை கிடைத்ததென்று ஆசையாக எடுத்துப் படித்தான். இரண்டு பத்தி தாண்டியதும் நிமிர்ந்து, "மாமா, இது அந்தப் பெட்டியைக் கழற்றி மாட்டுறதைப் பத்தியா?" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். "நாணயத்தால் இயக்கப்படும் அரக்கர் சேகரிப்பு விளையாட்டின் இயந்திரவியல்" என்பது தலைப்பு. பையன் கேட்டதில் பிழையே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அந்தத் தலைப்பை அப்படித்தான் படிப்பார்கள். உள்ளே பல்சக்கரமும் மோட்டாரும் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். கட்டுரையோ எப்படி ஆடுவது, எப்படிப் பிடிப்பது, எப்போது இன்னொரு காசு போடுவது என்பதைப் பற்றியது.

ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் வரும் "மெக்கானிக்ஸ்" என்ற சொல்லுக்கு "இயந்திரவியல்" என்ற இந்தப் பெயர்ப்பைச் சில ஆண்டுகளாகவே பார்த்து வருகிறேன். கணினி ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது அது அவ்வளவாக உறுத்தாது, ஏனென்றால் அங்கே கண்ணுக்குத் தெரியும் இயந்திரம் இல்லை. காசுப் பெட்டி அப்படியல்ல. இயந்திரம் எதிரிலேயே நிற்கிறது, அதனால் தவறான சொல் படிப்பவனை நேராகத் தவறான இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் "மேகனே" என்றால் உபாயம், சூழ்ச்சி, அதைச் செய்யும் கருவி. ஏதென்சு நாடக மேடையில் தெய்வங்களை மேலிருந்து இறக்கிய தூக்கிக்கும் அதுவே பெயர். லத்தீனில் அது "மாகினா" ஆகி, அங்கிருந்து மெஷின், மெக்கானிக், மெக்கானிக்ஸ் எல்லாம் வந்தன. உபாயம் என்பதுதான் மூலப்பொருள். இரும்பும் பல்சக்கரமும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

கோளாறு தொடங்குவது சொல்லின் வாலில். இயற்பியலில் மெக்கானிக்ஸ் ஒரு துறையின் பெயர். அங்கே அது ஒருமை, அதற்கு "-இயல்" சேர்ப்பது சரிதான். ஆட்டக்காரர்கள் சொல்லும் மெக்கானிக்ஸ் பன்மை. அதற்கு "ஒரு மெக்கானிக்" என்ற ஒருமை உண்டு. ஆட்டத்தில் நான் செய்யக்கூடிய ஒரு செயலையும் அதற்கு ஆட்டம் தரும் பதிலையும் சேர்த்துக் கட்டிய ஒரு முடிச்சுதான் ஒரு மெக்கானிக். இந்த ஆட்டத்தில் நான்கு இருக்கின்றன, அந்த ஆட்டத்தில் இரண்டுதான் என்று எண்ணலாம். வாலைப் பார்த்ததும் "-இயல்" போடப் பழகிய கை இதை யோசிப்பதில்லை. "இந்த ஆட்டத்தில் ஓர் இயந்திரவியல் புதிது, மற்ற மூன்று இயந்திரவியல்களும் பழையவை" என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் நிற்காது.

கடன்சொல்லாகவே விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தமிழில் மெக்கானிக் என்றால் வண்டி பழுது பார்க்கும் ஆள். "இந்த ஆட்டத்தோட மெக்கானிக் ரொம்ப நல்லா இருக்கு" என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு கணம் குழப்பம் வந்துதான் போகும்.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் சொல் அமையும். 2003-இல் சேகா நிறுவனம் ஜப்பானில் கொண்டுவந்த "முஷிகிங்" பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போரிடுபவை வண்டுகள். 100 யென் காசு போட்டதும் முதலில் ஓர் அட்டை வெளியே வரும். அட்டையின் பட்டைக்கோட்டைப் பெட்டியில் தேய்த்தால் அதிலுள்ள வண்டு திரைக்கு வரும். சண்டைக்கு மூன்றே பொத்தான்கள்: கல், கத்தரி, காகிதம். இருவரும் ஆளுக்கொன்றை அழுத்த, வென்றவரின் வண்டு அடிக்கும். இதுவரை எல்லாம் ஜப்பானியப் பிள்ளைகள் கைவிரலால் ஆடும் ஜான்கென்தான். ஆனால் ஒவ்வொரு வண்டுக்கும் இந்த மூன்றில் ஒரு கை சொந்தம். அந்தக் கையில் வென்றால் அடி பெரிதாக விழும். உங்கள் வண்டின் பெரிய அடி கல்லில் இருக்கிறது என்று எதிராளிக்கும் தெரியும். அவர் கல்லை வெல்லும் காகிதம் வைப்பார். அதை ஊகித்து நீங்கள் காகிதத்தை வெல்லும் கத்தரி வைப்பீர்கள். அவர் அதையும் ஊகித்தால்? பெட்டிக்குள் இருப்பது "ஒரு கைக்குப் பெரிய அடி" என்ற ஒரே ஏற்பாடு. மனத்துக்குள் நடக்கும் இந்தப் போரெல்லாம் அந்த ஒரு முடிச்சிலிருந்து கிளம்புவது.

இதற்குப் பக்கத்தில் 2016-இல் வந்த போக்கிமான் கா-ஓலேவை வையுங்கள். (அதற்கு முன்னால் 2007-இல் பேட்ரியோ, 2012-இல் டிரெட்டா. பின்னால் 2020-இல் மெசாஸ்டார், 2024-இல் ஃபிரெண்டா. எல்லாம் ஒரே குடும்பம்.) கையில் இருக்கும் வில்லைகளைப் பெட்டியில் செருகினால் அவற்றின் போக்கிமான்கள் போருக்கு இறங்கும். ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரு வகை உண்டு: நீர் நெருப்பை அடக்கும், புல் நீரை அடக்கும். சண்டை முடிந்ததும் திரையில் போக்கிமானைப் பிடிக்கும் பந்துகள் சுழலும். சாதாரணப் பந்திலிருந்து மாஸ்டர் பந்து வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். நின்ற பந்து எதுவோ அதைப் பொறுத்துப் பிடிபடும் வாய்ப்பு. பிடித்துவிட்டாலும் வில்லை தானாக வெளியே வந்துவிடாது. இன்னொரு 100 யென் போட்டால்தான் வரும்.

முஷிகிங்கில் பொருள் முதலில், ஆட்டம் பிறகு. கா-ஓலேயில் ஆட்டம் முதலில், பொருள் கடைசியில், அதுவும் பிடித்தால் மட்டும். ஒன்றில் காசு நுழைவுச்சீட்டு, மற்றொன்றில் கடைசி முடிவு. இந்த வேறுபாடு மோட்டாரிலோ காசுத் துளையிலோ இல்லை. இரண்டிலும் காசை வாங்கிப் பொருளைத் தள்ளும் வேலைதான் நடக்கிறது. வேறுபடுவது ஆடுபவன் எதை எப்போது செய்கிறான், அதற்கு என்ன கிடைக்கிறது என்பது. நமக்குப் பெயர் வேண்டியிருப்பது இதற்குத்தான்.

இனிப் போட்டிச் சொற்கள். "இயந்திரவியல்" தவறு என்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்து ஓடுவது "இயக்கவியல்" பக்கம். இதில் எனக்குக் கூடுதல் வருத்தம், ஏனென்றால் இது பாதி சரியாகத் தோன்றி முழுதும் குழப்புகிறது. ஆட்ட வடிவமைப்பாளர்கள் ராபின் ஹூனிக்கே, மார்க் லெப்லாங்க், ராபர்ட் ஜூபெக் மூவரும் 2004-இல் ஆட்டத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தெட்டிக்ஸ். ஏற்பாடு ஓர் அடுக்கு, அந்த ஏற்பாடு ஆடும்போது கிளப்பிவிடும் போக்கு இரண்டாம் அடுக்கு, ஆடுபவன் மனத்தில் எழும் உணர்வு மூன்றாம் அடுக்கு. மேலே சொன்ன வண்டுப் போரில், ஒரு கைக்குப் பெரிய அடி என்பது முதல் அடுக்கு. அவர் காகிதம் வைப்பாரா என்று ஊகித்து ஏய்ப்பது இரண்டாம் அடுக்கு. டைனமிக்ஸுக்குத் தமிழில் இயக்கவியல் என்றுதான் வழங்கி வருகிறோம். முதல் அடுக்குக்கும் அதையே வைத்துவிட்டால், இந்தப் பிரிவைத் தமிழில் சொல்ல நினைப்பவன் என்ன செய்வான்? சிலர் "இயங்கியல்" என்று சற்றே மாற்றித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அது முரண்களால் வளர்ச்சி நடப்பதைப் பேசும் தத்துவத்துக்கு (டயலெக்டிக்ஸ்) மார்க்சியர்கள் பல பத்தாண்டுகளாக ஆண்டுவரும் சொல். வண்டுச் சண்டையை விளக்கும் இடத்தில் முரண்களின் வளர்ச்சி வந்து நிற்க வேண்டாம்.

வலுவான போட்டி "பொறிமுறை". இலங்கைத் தமிழில் இது அன்றாடச் சொல். "உள்ளகப் பொறிமுறை" (நாட்டுக்குள்ளேயே அமைக்கும் ஏற்பாடு) என்றால் அங்கே செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் தெரியும். பொறி என்ற சொல்லின் மேல் எனக்கும் ஆசை உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலைக் காத்தது வளைவிற் பொறி. சீவக சிந்தாமணியில் அரசி விசயை தப்பிப் பறந்தது மயிற்பொறியில். (எந்திரத்தை வெறும் வடசொல் என்று தள்ளுபவர்கள், புறநானூறு 322-இல் கரும்பின் எந்திரம் ஒலிப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தூய்மை என்ற ஒரே அளவுகோலை வைத்து நான் இந்த வழக்கை நடத்தவில்லை.) உபாயம் என்ற கிரேக்க மூலப்பொருளுக்கும் பொறி மிக நெருங்கியது. இவ்வளவு இருந்தும் இங்கே அது வேண்டாம் என்கிறேன்.

பொறிமுறை என்பது ஆள் இல்லாமலும் நடப்பது. அமைத்துவிட்டால் தன்போக்கில் வேலை செய்யும். போட்ட காசின் அளவையும் எடையையும் பார்த்து, செல்லும் காசை உள்ளே விட்டு, செல்லாததைக் கீழே தள்ளும் அந்தச் சிறு கருவி இருக்கிறதே, அதுதான் பொறிமுறை. யாருடைய காசு, எதற்காகப் போட்டார் என்று அது கேட்பதில்லை. பந்து சுழலும்போது பொத்தானை அழுத்துவது அப்படியல்ல. விரல் இல்லையென்றால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. இன்னொன்று, காசுப் பெட்டியைப் பற்றி எழுதும் எவருக்கும் இந்த இரண்டும் ஒரே பத்தியில் தேவைப்படும். காசு சிக்கிக்கொண்டது ஒரு செய்தி, பிடித்த பிறகு காசு கேட்பது இன்னொரு செய்தி. முதலாவதைப் பொறிமுறை என்று சொல்லி இரண்டாவதையும் பொறிமுறை என்றால் படிப்பவன் எதை எதோடு பிரிப்பான்? மூன்றாவதாக, இன்றைய பேச்சில் பொறி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எலிப்பொறி. பிள்ளைகளும் காசும் சேர்ந்த இடத்தில் அந்தச் சாயல் வந்தால், சொல்லாத குற்றச்சாட்டைச் சொன்னதாகிவிடும். பெட்டி பிள்ளைகளிடம் காசு கறக்கிறது என்று குற்றம் சாட்ட விரும்புகிறவர் அதை வெளிப்படையாக, தனி வாக்கியத்தில் எழுதட்டும். கலைச்சொல்லுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம்.

"ஆட்ட நுட்பம்" என்பாரும் உண்டு. நுட்பம் ஆடுபவனிடம் இருப்பது. பந்தைச் சரியான கணத்தில் நிறுத்தும் திறமை அது. நிறுத்தச் சொல்வது ஆட்டத்தின் ஏற்பாடு. "விதி" இன்னும் நெருக்கம், ஆனால் விதி தடுக்கும், அனுமதிக்கும். அதில் செயல் இல்லை. நீர் நெருப்பை அடக்கும் என்பது விதி. அதை நினைத்து எந்த வில்லையைச் செருகுவது என்று தேர்வது விதிக்குள் அடங்காது.

நான் வைக்கும் சொல் "ஆடுமுறை". ஆடுகளம் போல இது வினைத்தொகை. ஆடிய முறை, ஆடுகின்ற முறை, ஆடும் முறை மூன்றையும் ஒன்றாக அடக்கும். இடையில் ஒற்று மிகாது. எண்ணிக்கைக்கு எளிதில் வரும்: ஓர் ஆடுமுறை, நான்கு ஆடுமுறைகள். ஆடுபவனின் கையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆடு என்றதும் நாலுகால் ஆடு நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆடுகளத்தில் யாருக்கும் வருவதில்லை. ஆட்டத்தை முழுதாக, அதன் ஓட்டத்தோடு குறிக்க வேண்டுமென்றால், கேம்ப்ளே என்று சொல்கிறார்களே, அதற்கு "ஆட்டப்போக்கு" போதும். ஆடுமுறைகள் சேர்ந்து ஆட்டப்போக்கு ஆகின்றன.

தனித்தனி ஆடுமுறைகளுக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. தாயக்கட்டத்தில் எதிரியின் காயை வீழ்த்தித் திருப்பி அனுப்புவது "வெட்டு". காய் சுற்றி வந்து கடைசிக் கட்டம் ஏறினால் "பழம்". பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் "பசு". ஒவ்வொன்றும் ஒரே சொல். ஆடும்போது வாயில் கத்துகிற சொல், அதனால்தான் குட்டையாக இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர்தான் நமக்கு இல்லாமல் இருந்தது. அதை ஆட்டக்காரர்களின் வாயிலிருந்து எடுக்காமல், பொறியியல் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டிவிட்டோம்.

இந்தப் பழக்கம் ஒரு சொல்லோடு நிற்பதாக இல்லை. பையன் படித்த கட்டுரைத் தலைப்பின் மற்ற சொற்களையும் பாருங்கள். "நாணயத்தால் இயக்கப்படும்" என்கிறார்கள். ஆட்டத்தை இயக்குவது நாணயமா? காசு போடுகிறோம், ஆடுகிறோம். "காசு போட்டு ஆடும்" என்று எல்லோரும் வாயால் சொல்வதை எழுதும்போது மட்டும் செயப்பாட்டு வினையாக்கி ஏன் இறுக்க வேண்டும்? "அரக்கர்" அதைவிட மோசம். போக்கிமான் என்ற பெயரின் விரிவான "பாக்கெட் மான்ஸ்டர்ஸ்" 1996-இல் ஜப்பானில் முதல் ஆட்டமாக வந்தபோது, அதன் பின்னால் இருந்தது அதை உருவாக்கிய சதோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்த ஆசை. மஞ்சள் நிறத்தில் கன்னம் சிவந்து நிற்கும் பிகாச்சு என்ற போக்கிமானை அரக்கர் என்று அழைக்கும் மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்திருக்கிறார். சிற்றுயிர் என்றாலோ, விந்தை உயிர் என்றாலோ ஒரு குறையும் வராது. "சேகரிப்பு" தவறில்லை, ஆனால் ஆட்டத்துக்குள் நடப்பது பிடிப்பது. பிடித்துச் சேர்ப்பது என்று எழுதினால் இரண்டும் வந்துவிடும்.

பையனுக்காக அந்தத் தலைப்பை மட்டும் ஒரு தாளில் திருப்பி எழுதிக் கொடுத்தேன்: "காசு போட்டு விந்தை உயிர்களைப் பிடித்துச் சேர்க்கும் ஆட்டம்: அதன் ஆடுமுறைகள்." படித்துவிட்டு, "மொத்தம் எத்தனை ஆடுமுறை மாமா?" என்று கேட்டான். எண்ண உட்கார்ந்தோம். வில்லை செருகுவது, வகை பார்த்துத் தேர்வது, பந்தை நிறுத்துவது, பிடித்த பின் காசு போடுவதா விடுவதா என்று முடிவெடுப்பது. ஐந்தாவதாக இருவர் சேர்ந்து ஆடுவதையும் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.