மதுரை வெயிலுக்கு எந்தப் பழச்செடி?

வீட்டைச் சுற்றி நாள் முழுக்க வெயில் விழும் ஒரு மூலை மதுரையில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். அங்கே ஒரு பழச்செடி வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இந்த வெயிலைத் தாங்குமா?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் அந்தச் செடிக்குப் பூக்கத் தோன்றுமா?

ஆப்பிள், பிளம்ஸ், ப்ளூபெர்ரி போன்ற குளிர்நாட்டுச் செடிகள் குளிர்காலம் வருமுன் மொட்டுகளை இறுக மூடிக்கொண்டு உறங்கிவிடும். அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் அந்த மொட்டை வளரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே குளிர் நீடிக்க நீடிக்க அதன் பிடி தளரும். பல ஆப்பிள் ரகங்களுக்கு இப்படி 800 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். மதுரையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கொடைக்கானலில் பேரிக்காயும் பிளம்ஸும் காய்த்து நம் சந்தைக்கு இறங்கி வருகின்றன என்றால், அதற்கு 2,000 மீட்டரைத் தாண்டிய அந்த உயரம் தரும் குளிர்தான் காரணம். இங்கே அதே கன்றை வைத்தால் தழைக்கலாம், பழத்தை நம்ப முடியாது.

சரி, குளிரே இல்லாத ஊரில் செடிகள் எதைப் பார்த்துப் பூக்கின்றன? மாதுளை, எலுமிச்சை போன்றவற்றுக்குத் தாகம்தான் அந்த அடையாளம். மண் காயும்போது வேர் அதை உணர்கிறது. இங்கேயும் அதே அப்சிசிக் அமிலம்தான் வேலை செய்கிறது. இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, கொழுந்து விடுவது நிற்கிறது. வளர்ச்சிக்குப் போயிருக்க வேண்டிய மாவுச்சத்து கிளைகளில் சேர்கிறது. பிறகு தண்ணீர் கிடைத்ததும் புதுத் துளிரோடு பூவும் சேர்ந்து வருகிறது. மாதுளை விவசாயிகள் தண்ணீரை நிறுத்திக் காயப்போடுவது இதற்காகத்தான்.

மதுரைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நம் மழையில் ஒரு பெரிய பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிடுகிறது. தை பிறந்ததும் மண் தானாகவே காயத் தொடங்கும். அப்போது மாதுளைக்குத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலைகள் மஞ்சளாகிப் பாதிக்குமேல் உதிரும், பயப்பட வேண்டாம். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் இது சீக்கிரம் நடக்கும். திருமங்கலம் கரிசலில் ஈரம் நின்று பிடிக்கும், கூடுதல் நாள் ஆகும். அப்புறம் கிளைகளை லேசாக வெட்டிக் கவாத்து செய்து, எரு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

பூ வந்ததும் கிட்டப் போய்ப் பாருங்கள். எல்லாப் பூவும் ஒன்றுபோல இருக்காது. சில பூக்களின் அடிப்பகுதி குடம்போல உப்பியிருக்கும். உள்ளே பூவின் பெண் பாகமான சூல்தண்டு நீண்டு, மகரந்தப் பைகளின் உயரத்துக்கு வந்திருக்கும். காய் பிடிப்பது இவைதான். மற்றவை மணிபோல அடியில் ஒடுங்கி, சூல்தண்டு குட்டையாக இருக்கும். மகரந்தம் தருவதோடு இவற்றின் வேலை முடிந்தது, உதிர்ந்துவிடும். மாதுளைக்கடியில் சிவப்பாகப் பூக்கள் கொட்டிக் கிடந்தால் உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். விழுந்ததில் நாலைந்தைப் பொறுக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். குடப்பூவும் சேர்ந்து உதிர்ந்திருந்தால்தான் தண்ணீரிலோ சத்திலோ பூச்சியிலோ கோளாறு.

பூவிலிருந்து பழத்துக்கு ஐந்தாறு மாதம். மாசியில் பூத்தது ஆடி, ஆவணியில் கைக்கு வரும். பெருமழைக்கு முன்பே பறித்துவிடலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் பெரிய லாபம். நீண்ட நாள் காய்ந்த காயின் தோல் விறைத்துப் போயிருக்கும். திடீரென்று நல்ல மழை பெய்தால் உள்ளே முத்துகள் நீரை வாங்கி ஊதும், தோல் ஈடுகொடுக்காமல் வெடித்துவிடும். அதனால் காய் பிடித்த பிறகு ஒருநாள் வெள்ளம், பத்துநாள் வறட்சி என்று விடவே கூடாது. தூரில் தென்னை மட்டையோ சருகோ பரப்பி ஈரத்தைச் சீராக வையுங்கள். மேற்கு வெயில் படும் காய்களைத் துணிப்பையால் மூடினால் தோல் கருகாது, காயில் முட்டையிட்டுத் துளைப்புழுவைக் கொண்டுவரும் பட்டாம்பூச்சிக்கும் தடை.

இவ்வளவு கவனிக்க நேரமில்லை என்பவர்களுக்குக் களாக்காயைத்தான் சொல்வேன். வறண்ட காட்டுப் புதரில் வளரும் செடி, கோடையைக் கண்டு அசராது. தடித்துப் பளபளக்கும் இலை, ஒடித்தால் பால், மல்லிகைபோல வெள்ளைப் பூ. ஆடி, ஆவணியில் காய் சிவந்து கறுக்கும். ஊறுகாய்க்கு அதற்கு ஈடு கிடையாது. பெக்டின் நிறைய இருப்பதால் ஜாமும் தானாக இறுகும். முள் கடுமையானது, குழந்தைகள் ஓடி விளையாடும் பக்கம் வேண்டாம். வேலி ஓரத்தில் வைத்தால் அந்த முள்ளே காவல்.

எதை வைத்தாலும் இடத்தை மார்கழியில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை பார்த்து முடிவு செய்யுங்கள். மதுரை இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில். சித்திரை பிறக்கும் வாக்கில் உச்சிக்கு வரும் சூரியன், அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு வடக்கேதான் இருக்கும். 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் டிசம்பரில் வடக்கே ஆறரை அடி நீளும். ஜூனில் அது தெற்கே இரண்டரை அடிகூட வராது. கோடையில் வெயில் கொளுத்தும் வடக்கு மூலை, மார்கழியில் நிழலில் கிடக்கலாம். மாதுளைக்கு வருடம் முழுக்க வெயில் வேண்டும், சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

நடுவதற்கு ஆவணிக் கடைசி நல்லது. இரண்டடிக் குழி எடுத்து, எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். கரிசலாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள், தூரில் தண்ணீர் தேங்கினால் இரண்டு செடியுமே அழுகும். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் இவை சமாளிக்கும். ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.